நாகசுரமும் ஒலிபெருக்கியும்

நாகசுரம் திறந்த வெளிக்கென்றே அமைந்த வாத்தியம். சுவாமி புறப்பாட்டின்போது நான்கு வீதியிலும் கேட்கவேண்டும் என்பதே அதன் முதற் கடமை. ஆதலால், குட்டையான உடலும் உயர்ந்த சுருதியும் உடைய திமிரி நாகசுரமே முன்னாளில் பெரிதும் வழங்கிற்று. நீண்ட உடலும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாகசுரத்தை மேடையில் நிலைநாட்டிய பெருமை திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையைச் சாரும். ஊர் முழுதும் முழங்கும் சுமையை ஒலிபெருக்கி ஏற்றுக்கொண்டபின், வாத்தியம் சற்றே தணிந்து பேச இடம் கிடைத்தது என்பது என் கருத்து.

அவருடைய மாணாக்கருள் தலைசிறந்தவர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964). தாமிரபரணி பாயும் நாட்டில் பிறந்த அவர், கயத்தாற்றுக்கு வடக்கே, கரிசற் பூமியின் நடுவேயுள்ள கோவில்பட்டியில் வாழ்ந்தார். அவர் சிலை அவ்வூரில் உண்டு.

கரிசல் வெளியில் ஒலியைத் திருப்பித் தரும் சுவர் இல்லை. தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு கால் பங்காகிவிடும். கடைசி வரிசைக்குக் கேட்கவில்லையென்று திருகை முடுக்கினால், கூம்பின் அருகே இருப்பவர் செவிதான் நோகும். குறைந்த அளவில் பல ஒலிபெருக்கிகளைப் பரவலாக வைப்பதே தக்க வழி.

முடுக்குவதில் வேறொரு கேடும் உண்டு. கருவி தன் ஆற்றலின் எல்லையைக் கடக்கும்போது ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, கரகரப்புத் தோன்றும். மேல்நாட்டில், ஊதுகருவிகளின் நடுவே அமுங்கிப்போன கித்தாருக்கு 1930களில் மின்சாரம் பாய்ச்சினார்கள். அக்கித்தார்க் கலைஞர்கள் நாளடைவில் இக்கரகரப்பையே விரும்பித் தேடலாயினர். ஒலிபெருக்கியே அவர்களுக்கு வாத்தியத்தின் ஒரு பகுதியாயிற்று. நமக்கு அது பொருந்துமா? சீவாளியின்மேல் உதடும் மூச்சும் நுணுகி நுணுகி இழைக்கும் கமகம் அங்கே சிதைந்தன்றோ போகும்!

1962ஆம் ஆண்டு வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் அருணாசலத்தின் நாகசுரமும் எஸ். ஜானகியின் குரலும் ஒரே பாட்டில் சேர்ந்து ஒலிக்கின்றன. இயல்பில் இவ்விரண்டின் வலிமையும் ஒப்பிடத் தக்கதன்று. ஒரே கூடத்தில் அருகருகே நின்றால் குரல் மறைந்தே போகும். ஒலிப்பதிவிலோ இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதுபோல் அளவு கண்டு இணைத்துள்ளனர். குரல் ஓயும் இடத்தில் நாகசுரம் அதே தணிந்த அளவில் எடுத்துக்கொள்கிறது. எங்கே மாறிற்று என்று சிலபோது செவிக்கே புலப்படுவதில்லை.