கொழுந்துக் கணக்கும் பிளொக்செயினும்: தரவுச் சேமிப்பின் மின்விரயம் பற்றி

கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஏற்றுமதிப் பெட்டி வரை ஒவ்வொரு படியையும் பிளொக்செயினில், அதாவது பல கணினிகள் சேர்ந்து வைத்திருக்கும், தொகுதி தொகுதியாகக் கோத்த பதிவுச் சங்கிலியில், பதிந்துவிட்டால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும் என்ற யோசனை விவசாய ஏற்றுமதித் துறைகளில் சில காலமாகப் பேசப்படுகிறது. இந்தியக் கோப்பிச் சபை 2019 இல் அத்தகைய சந்தைத் தளமொன்றைத் தொடங்கியது. அதே ஆண்டில் ஒக்ஸ்பாம் தொண்டு அமைப்பு, ஏயொன் காப்புறுதித் தரகு நிறுவனம், ஈதரிஸ்க் பிளொக்செயின் நிறுவனம் ஆகியவை சேர்ந்து இலங்கை நெல் விவசாயிகளுக்கான காலநிலைக் காப்புறுதியைப் பிளொக்செயின் வழியே நடத்திப் பார்த்தன. நுவரெலியா, ஹட்டன் பகுதித் தேயிலைக்கும் இது பொருந்துமா என்று கேட்டால் உடனே எழும் மறுப்பு மின்சாரம் பற்றியது. அந்த மறுப்பு பெரும்பாலும் குறி தவறியே விழுகிறது. பிட்கொயினின் மின்பசியை எல்லோரும் பேசுகிறார்கள். எந்தத் தரவை, எத்தனை பிரதியாக, எவ்வளவு காலத்துக்கு வைத்திருக்கிறோம் என்பதில் நிகழும் விரயத்தைப் பேசுவோர் குறைவு. மலையகத் தேயிலையைப் பொறுத்தவரை பெரும்பகுதித் தரவு சங்கிலிக்குள் போகவே கூடாது என்பதும், அதனால் நம்பகம் குறையாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

பிட்கொயின் ஆண்டுக்கு 100 டெராவாட்-மணிக்கு மேல் மின்சாரம் உண்கிறது என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் குறியீடு மதிப்பிடுகிறது. இது இலங்கை முழுவதற்கும் ஓராண்டில் தேவைப்படும் மின்சாரத்தைப் போலப் பல மடங்கு. ஆனால் இந்தச் செலவு தரவைச் சேமிப்பதற்கானதல்ல. அடுத்த தொகுதியை எழுதும் உரிமைக்காகக் கணினிகள் நடத்தும் போட்டிக்கானது. 2022 செப்டெம்பரில் எதீரியம் என்ற மற்றொரு பெரிய பிளொக்செயின் அந்தப் போட்டியைக் கைவிட்டு, பணயம் வைத்து வாக்களிக்கும் முறைக்கு மாறியபோது அதன் மின்நுகர்வு 99 சதவீதத்துக்கு மேல் வீழ்ந்தது. இத்தோடு பிரச்சினை தீர்ந்தது என்று பலர் எழுதினார்கள். தீரவில்லை. சங்கிலியில் ஏறும் ஒவ்வொரு பதிவையும் ஆயிரக்கணக்கான கணினிகள் தனித்தனியே சரிபார்க்க வேண்டும், வைத்திருக்க வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. இந்தச் சுமையை எதீரியத்தை வடிவமைத்தவர்களே உணர்ந்திருந்தார்கள். 2024 மார்ச்சில் அவர்கள் கொண்டுவந்த புதிய வகைத் தரவு ஏறத்தாழ 18 நாட்களில் கழித்துவிடப்படுகிறது. சங்கிலி என்றால் எல்லாமே நிரந்தரம் என்ற நம்பிக்கையை அதன் தாயகத்திலேயே தளர்த்திவிட்டார்கள்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். 500 பேர் கொழுந்தெடுக்கும் ஒரு தோட்டத்தில் காலை, பகல், மாலை என்று மூன்று நிறுவை நடப்பதாகக் கொள்வோம். நாளுக்கு 1,500 பதிவுகள். பதிவொன்றுக்கு 200 பைட் என்றாலும் 300 வேலைநாட்களில் சேர்வது 90 மெகாபைட்; ஒரு கைத்தொலைபேசியில் அடங்கும் அளவு. இதையே எதீரியத்தின் நிரந்தர நினைவகத்தில் எழுதினால் கதை வேறு. அங்கே 32 பைட் புதிதாக எழுத, கணிப்புச் செலவை அளக்கும் 'காஸ்' 20,000 அலகு ஆகும். நெடுங்காலம் நடைமுறையிலிருந்த, தொகுதிக்கு 3 கோடி அலகு என்ற உச்சவரம்பின்படி கணக்கிட்டால், இந்த ஒரு தோட்டத்தின் ஓராண்டுக் கணக்கு 1,875 தொகுதிகளை முழுதாக நிரப்பும். 12 விநாடிக்கு ஒரு தொகுதி என்பதால், உலகளாவிய வலையமைப்பு ஆறு மணிநேரத்துக்கு மேல் வேறெதுவும் செய்யாமல் ஒரு தோட்டத்தின் கொழுந்தை மட்டும் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். மாற்று வழி எளியது. அன்றைய 1,500 பதிவுகளையும் ரல்ப் மேர்க்கல் 1979 இல் வகுத்த மர அமைப்பில் அடுக்கி, உச்சியில் கிடைக்கும், பதிவில் ஓர் எழுத்து மாறினாலும் தானும் மாறிவிடும் 32 பைட் சுருக்கக் குறியை மட்டும் சங்கிலியில் இடுவது. ஓராண்டுக்கு 9,600 பைட். ஒரு தொகுதியின் பாதியைக்கூட அது நிரப்பாது. தன் நிறுவை அன்றைய கணக்கில் மாறாமல் இருக்கிறதென்று ஒரு தொழிலாளி நிறுவ 11 குறிகள், அதாவது 352 பைட், போதும்.

கூடை வாரியான பதிவு வாங்குபவருக்குத் தேவையா என்பதையும் கேட்க வேண்டும். மடுவம் எனும் நிறுவைக் கொட்டகையில் தனித்தனியாக நிறுத்த கொழுந்து, ஸ்டோர் எனும் தொழிற்சாலைக்குப் போய் வாட்டும் தொட்டியில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. பின்பு அரைபட்டு, காய்ந்து, சலித்து, பிஓபி என்றும் டஸ்ட் என்றும் தரம் பிரிகிறது. 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்துக்குப் போவது தொகுதியாகக் கட்டப்பட்ட தேயிலை. அதற்குள் எந்தக் கூடையின் கொழுந்து இருக்கிறதென்று எந்தச் சங்கிலியாலும் சொல்ல முடியாது. ஆகவே வாங்குபவருக்கு ஏலத் தொகுதியளவிலான பதிவு போதும். தனிநபர் நிறுவை தேவைப்படுவது சம்பளத்துக்கு: அன்றைக்கு முழுநாள் சம்பளத்துக்குப் பேர் விழுந்ததா, அரைப்பேரா, கூடைக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதற்கு. படிப்பவர் வேறு, ஆயுட்காலம் வேறு என்றிருக்கும் இரண்டு பதிவுகளை ஒரே நிரந்தரப் பேரேட்டில் கொட்டுவதுதான் விரயத்தின் ஊற்று.

மூலப் பதிவு தொலைந்தால் சுருக்கக் குறியை வைத்து அதை மீட்க முடியாதே என்பது இதற்கெதிரான வலுவான ஆட்சேபம். உண்மைதான். ஆனால் அதற்குப் பத்தாயிரம் பிரதிகள் வேண்டியதில்லை. நலன் முரண்படும் நான்கு கைகள் போதும். தோட்ட நிர்வாகம், தொழிற்சங்கம், தொழில் திணைக்களம் ஆகியவற்றிடம் ஒவ்வொரு பிரதி, தொழிலாளியின் கையில் அவருடைய துண்டு. செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டில் ஒருவர் எண்ணை மாற்றினால் மற்ற மூவரின் பிரதியும் சங்கிலியிலுள்ள குறியும் அதைக் காட்டிக்கொடுக்கும். தவிரவும், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிநபர் தரவைத் தேவைக்கு மேல் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தும் விதியைக் கொண்டது. ஒருவரின் சம்பள விவரத்தை அழிக்கவே முடியாத பொது ஏட்டில் எழுதுவது அதன் நோக்கத்துக்கு நேர்மாறானது.

மலையகத்து மின்சாரம் நீரிலிருந்து வருகிறது, அதில் சிறிது வீணானால் என்ன என்றும் சொல்லப்படலாம். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் தேயிலை மலைகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. ஆனால் மழை பொய்க்கும் ஆண்டில் மேலதிக அலகு நுரைச்சோலை நிலக்கரியிலிருந்தோ எண்ணெயிலிருந்தோ வருகிறது. 2022 இல் நாளுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாட்டில், அலகைக் கணக்கிட்டுச் செலவழிப்பதற்கு வேறு நியாயம் தேடத் தேவையில்லை. ஒரு தோட்டத்தின் 90 மெகாபைட்டைச் சேமிக்க ஆகும் மின்சாரம் வாட்டும் தொட்டியின் விசிறிக்கு முன்னால் அற்பம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெருக்கத்தில்தான் கேடு: எல்லாத் தோட்டங்களும், எல்லாப் பயிர்களும், ஒவ்வொன்றும் ஆயிரம் பிரதிகளாக, முடிவுத் தேதியின்றி.

இந்த முறை புதுமையும் அல்ல. ஸ்டுவர்ட் ஹேபரும் ஸ்கொட் ஸ்டோர்னெட்டாவும் 1991 இலேயே சுருக்கக் குறிகளைச் சங்கிலியாகக் கோக்கும் வழியை எழுதினார்கள். அவர்கள் தொடங்கிய நிறுவனம் 1995 முதல் அக்குறியை வாராவாரம் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையில் அச்சிட்டது. போட்டிக் கணினி எதுவும் அங்கே ஓடவில்லை. அந்த வழிக்கும் எட்டாதது ஒன்றுண்டு: மடுவத்துத் தராசு பிழையாகக் காட்டினால் பிழையான நிறையே பத்திரமாகக் காக்கப்படும். முதலில் சொன்ன காலநிலைக் காப்புறுதிக்கு வானிலைத் தரவு போதும். இங்கே தராசைப் பிடிப்பவரும் கழிவைத் தீர்மானிப்பவரும் மனிதர்கள். ஆகவே தேயிலைச் சபையோ கம்பனிகளோ இத்தகைய திட்டமொன்றைக் கொண்டுவரும்போது, தராசைப் பரிசோதிக்கும் உரிமையோடு மூன்று விவரங்களையும் தொழிற்சங்கங்கள் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்: எந்தப் பதிவு சங்கிலிக்குப் போகிறது, அதன் பிரதி எத்தனை இடங்களில் இருக்கும், எந்த ஆண்டில் அது அழிக்கப்படும்.