எழுதும் கையின் நோவு

மயிலாப்பூர் மாட வீதிகளிலும் தியாகராய நகரத்துத் தெருக்களிலும் மாலை வேளையில் நடந்தால், மாடியறைகளிலிருந்து தட்டெழுத்துப் பொறிகளின் ஓசை மழைபோலக் கேட்ட காலம் ஒன்று இருந்தது. ஆங்கிலத் தட்டெழுத்தில் இளநிலைத் தேர்வுக்கு நிமிடத்திற்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்பது கணக்கு. ஐந்து எழுத்தை ஒரு சொல்லாகக் கொண்டால், முதுநிலை மாணவரின் விரல்கள் நிமிடத்திற்கு 225 முறை விசைகளைத் தாக்க வேண்டும். தேர்வு நெருங்கும்போது மணிக்கட்டு நோகிறதென்று பிள்ளைகள் முகம் சுளித்தால், வீட்டுப் பாட்டிமார் நல்லெண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிடுவார்கள். இந்த நோவு பொறியோடு பிறந்ததன்று. எழுத்துத் தொழிலோடு வளர்ந்தது.

அடையாற்றில் 1886-ஆம் ஆண்டு கர்னல் ஆல்காட் நிறுவிய நூல் நிலையத்தில் ஓலைச் சுவடிகளைக் காணலாம். ஏடெழுதுவோர் வலக்கையில் எழுத்தாணியைப் பற்றி, இடக்கைப் பெருவிரல் நகத்தில் வெட்டிய பள்ளத்தில் அதைத் தாங்கி, ஓலையைச் சிறிது சிறிதாக நகர்த்துவர். மையின்றிக் கீறும் எழுத்தாதலின் அழுத்தம் மிகுதி. அந்தக் கைகள் பட்ட பாட்டை யார் குறித்து வைத்தார்கள்?

குறித்து வைத்தவர் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி. தொழிலாளர் நோய்களைப் பற்றி 1700-இல் அவர் வெளியிட்ட நூலின் 1713-ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் துன்பத்தைப் பேசுகிறார். ஓயாது உட்கார்ந்திருத்தல், கையை ஒரே விதமாக அசைத்துக்கொண்டிருத்தல், பிழை நேரக்கூடாதே என்ற மனக்கவலை ஆகிய மூன்றையும் காரணமாகக் காட்டுகிறார். வலக்கை சோர்ந்துபோன எழுத்தர் ஒருவர் இடக்கையால் எழுதப் பழகினாராம். சிறிது காலத்தில் அதையும் அந்நோய் பற்றிக்கொண்டது! மூன்றாவது காரணத்தைக் கண்டதில்தான் ராமசினியின் பெருமை இருக்கிறது என்பது என் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதற்குச் சிகிச்சை செய்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற ஜூலியஸ் உல்ஃப் மருத்துவரே அல்லர். பிராங்க்பர்ட்டில் எழுத்துப் பயிற்சி தந்த ஆசிரியர். தசைகளைப் பிடித்துவிடுவதும் உடற்பயிற்சியுமே அவர் முறை. பின்னர்த் தந்தித் தொழிலாளரின் கைப்பிடிப்பை, நஷ்ட ஈடு பெறத்தக்க தொழில் நோயாக 1908-இல் பிரிட்டன் ஏற்றது. வலியைச் சோம்பலின் சாக்கு என்று தள்ளியவர்களுக்கு அது ஒரு பதில்.

நம் சித்த மருத்துவமோ பிடித்துவிடும் கலையைத் தொக்கணம் எனப் பெயரிட்டு, தட்டல், பிடித்தல், அழுத்தல், அசைத்தல் முதலாக ஒன்பது வகையாகப் பகுத்துள்ளது. வீட்டில் நாமே செய்துகொள்ளச் சில போதும். விரல்களை இயக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் உள்ளன. ஆகவே நோவு மணிக்கட்டில் தெரிந்தாலும் தேய்க்க வேண்டிய இடம் முன்கை. கையை மேசைமேல் தளரக் கிடத்தி, வெதுவெதுப்பான எண்ணெய் சிறிது தடவி, மற்றக் கையின் பெருவிரலால் மணிக்கட்டிலிருந்து முழங்கையை நோக்கி மெல்லத் தடவுக. முழங்கையின் வெளிப்புறத்துக்குச் சற்றுக் கீழே தசை திரண்டிருக்கும்; அங்கே சிறிது நேரம் மிதமாக அழுத்துக. இரு கைக்கும் சில நிமிடம் போதும். மணிக்கட்டின் உட்புறத்தை மட்டும் அழுத்தாதீர்கள். அங்கே ஓர் ஒடுங்கிய வழியில் நரம்பு செல்கிறது.

இது தற்காலிக ஆறுதலே. பழைய பொறியில் வரிதோறும் வண்டியைத் தள்ள வேண்டும், தாள் மாற்ற வேண்டும். கைக்கு அறியாமலே ஓய்வு கிடைத்தது. கணிப்பொறியும் கைப்பேசியும் அந்த இடைவேளைகளைப் பறித்துக்கொண்டன. நாமாகவே அவ்வப்போது நிறுத்தாவிட்டால் எண்ணெய் எவ்வளவு தேய்த்தும் நோவு திரும்பிவரும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனாலோ, இரவில் குத்தல் உறக்கத்தைக் கெடுத்தாலோ, பிடித்த பொருள் கை நழுவினாலோ, அது நரம்பு நெருக்குண்டதன் அடையாளமாகலாம். அப்போது பாட்டியின் கிண்ணத்தை வைத்துவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.