மாதிரி விமானம் சொல்லாமல் விடும் வரலாறு: மெசர்ஷ்மிட் 262



வரலாற்றுக் கட்டுரையில் சான்று என்றதும் நம் நினைவுக்கு வருபவை ஆவணம், கடிதம், புகைப்படம், நாணயம். பெட்டியில் வரும் ஒரு பிளாஸ்டிக் மாதிரி விமானம் சான்றாகுமா? ஆகாது. அது அண்மையில் ஏதோ ஒரு தொழிற்சாலையில் அச்சில் வார்த்த பொருள். ஆனால் அதைச் சரியாகப் பொருத்தி, சரியாகச் சாயம் பூச வேண்டுமானால், சான்றுகளைத் தேடாமல் முடியாது. எந்த ஆண்டு விமானம் இது? ஏன் இந்த நிறம்? இந்தச் சக்கரம் ஏன் முன்னால் இருக்கிறது? யார் செய்தார்கள் இதை? இப்படிக் கேள்வி மேல் கேள்வி வரும். ஒரு நல்ல வரலாற்று மாணவருக்கு வேண்டிய பழக்கமும் அதுதானே.

இந்தக் கட்டுரைக்கு இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஜெட் விமானமான மெசர்ஷ்மிட் 262ஐ எடுத்துக்கொள்வோம். படை சேவைக்கு வந்த உலகின் முதல் ஜெட் போர் விமானம் என்று பெட்டியில் போட்டிருக்கும். உண்மைதான். பெட்டியில் போடாத செய்தியும் ஒன்று உண்டு. கட்டுரையின் பின்பகுதி அதைப் பற்றியது.

1. அளவும் அறிமுகமும்

கடைகளில் பெரும்பாலும் 1:72, 1:48 ஆகிய அளவுகளில் கிடைக்கும். உண்மையான விமானத்தின் நீளம் ஏறத்தாழ 10.6 மீட்டர். 1:72 என்றால் 72இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 14.7 சென்டிமீட்டர். உள்ளங்கையை விட அஞ்சாறு விரல் நீளம், அவ்வளவுதான். 1:48இல் எவ்வளவு வரும்? நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

ஜெட் இயந்திரத்தால் பறந்த முதல் விமானம் ஜெர்மனியின் ஹைன்கெல் 178. அது 1939 ஆகஸ்டு 27 அன்று பறந்தது. பிரிட்டனில் ஃபிராங்க் விட்டிலின் இயந்திரம் பொருத்திய விமானம் 1941 மே மாதம் பறந்தது. மெசர்ஷ்மிட் 262 போரில் இறங்கியது 1944 நடுப்பகுதியில். பிரிட்டனின் குளோஸ்டர் மீட்டியரும் அதே ஆண்டு ஜூலையில் படையில் சேர்ந்துவிட்டது. ஆகவே, ‘ஜெர்மனியிடம் மட்டுமே ஜெட் இருந்தது’ என்று தேர்வில் எழுதிவிடாதீர்கள்.

2. மூக்கில் ஈயக்குண்டு வைப்பது ஏன்?

இந்த மாதிரியைக் கட்டும் எவரும் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் இது: ஒட்டி முடித்து மேசையில் வைத்தால், விமானம் வாலைத் தரையில் ஊன்றி, மூக்கைத் தூக்கிக்கொண்டு உட்காரும். அதனால் இரு பாதி உடலையும் ஒட்டுவதற்கு முன்பே, மூக்குக்குள் தூண்டிலுக்குப் பயன்படும் ஈயக்குண்டுகளை வைத்து ஒட்டிவிட வேண்டும். குறிப்புத்தாளில் எத்தனை கிராம் என்று இருக்கும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவ மறக்காதீர்கள்.

இந்தச் சின்னச் சிக்கலுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. தொடக்கத்தில் இந்த விமானத்துக்கு மூக்குச் சக்கரமே கிடையாது. அந்தக் காலத்து மற்றப் போர் விமானங்களைப் போல வாலில்தான் சிறு சக்கரம். 1942 ஜூலை 18 அன்று லைப்ஹைம் என்னும் இடத்தில், ஃபிரிட்ஸ் வெண்டல் என்ற சோதனை விமானி முதன்முறையாக ஜெட் இயந்திரங்களை மட்டுமே கொண்டு இதைப் பறக்கவிட்டார். ஓடுபாதையில் வேகம் எடுத்தும் வால் மேலே எழவில்லை. சுழலும் விசிறி இல்லாததால் வால் பகுதிக்குப் போதிய காற்று வரவில்லை. ஏறத்தாழ மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் அவர் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினார். மூக்குத் தாழ்ந்தது, வால் எழுந்தது, விமானம் பறந்தது. அடுத்தடுத்த விமானங்களில் மூக்குச் சக்கரம் வந்ததற்கு இதுதான் காரணம்.

3. குறைந்த ஆயுள் கொண்ட இயந்திரம்

இறக்கைகளுக்குக் கீழே தொங்கும் இரண்டு நீண்ட உருளைகள்தான் ஜெட் இயந்திரங்கள். அன்செல்ம் ஃபிரான்ஸ் தலைமையில் யுங்கர்ஸ் நிறுவனம் உருவாக்கிய யூமோ 004 அது. விமானத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 870 கிலோமீட்டர். நேச நாடுகளின் சிறந்த போர் விமானமான மஸ்டாங்கை விட 150 கிலோமீட்டருக்கும் கூடுதல்.

ஆனால் அந்த இயந்திரத்தின் ஆயுள் பெரும்பாலும் 10 முதல் 25 மணி நேரம் மட்டுமே. ஏன்? கடும் வெப்பத்தைத் தாங்கும் உலோகத்துக்கு நிக்கல், குரோமியம் வேண்டும். போரினால் ஜெர்மனிக்கு அவை அரிதாகிவிட்டன. எரியறைகளைச் சாதாரண எஃகில் செய்து, அதன்மேல் அலுமினியப் பூச்சு கொடுத்தார்கள். விசையைச் சட்டென்று கூட்டினால் இயந்திரம் தீப்பற்றவோ அணைந்துபோகவோ கூடும். அதனால் தரையிறங்கும்போது விமானம் மெதுவாக, தற்காப்பின்றி வரும். நேச நாட்டு விமானிகள் ஓடுபாதைக்கு அருகிலேயே காத்திருந்து சுட்டு வீழ்த்தினார்கள்.

சாயம் பூசுபவருக்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. புகைபோக்கியின் உட்புறத்தைப் பளபளப்பான வெள்ளியாக விடாதீர்கள். கருமை கலந்த பழுப்பாக, வெந்துபோன இரும்பைப் போல இருக்கட்டும்.

தேர்வு மாணவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கணும். ‘இந்த விமானம் ஏன் தாமதமாக வந்தது?’ என்ற கேள்விக்கு, ஹிட்லர்தான் காரணம் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விடை. 1943 நவம்பரில் விமானத்தைப் பார்த்த ஹிட்லர், இது குண்டு சுமக்குமா என்று கேட்டார். குண்டுவீச்சு விமானமாக்கச் சொன்னார். இது நடந்ததுதான். ஆனால் அப்போது பெருமளவில் உற்பத்தி செய்யத்தக்க இயந்திரமே தயாராகவில்லை. 1944 நடுப்பகுதியில்தான் அது சாத்தியமானது. முதன்மைக் காரணம் இயந்திரம் என்பதே இன்று பல வரலாற்றாசிரியர்களின் முடிவு. பிறகு ஏன் ஹிட்லர் மேல் பழி? போருக்குப் பின் நினைவுக்குறிப்பு எழுதிய தளபதிகளுக்கு, இறந்துபோன ஒருவர் மேல் பழியைப் போடுவது எளிதாக இருந்தது. ஒரு சான்றைப் படிக்கும்போது, அதை எழுதியவருக்கு என்ன நோக்கம் என்றும் கேளுங்கள்.

4. நிறம் சொல்லும் செய்தி

ஜெர்மன் வான் அமைச்சு ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் கொடுத்திருந்தது. சாயக் குப்பிகளில் இன்றும் அந்த எண்களைப் பார்க்கலாம். போரின் நடுப்பகுதியில் போர் விமானங்களின் மேற்புறத்துக்கு 74, 75 என்னும் சாம்பல் நிறங்கள். வானத்தில் பறக்கும்போது மறைந்து நிற்க அது உதவும். 1944இல் இந்த விமானம் வந்தபோது, மேற்புறத்துக்கு 81 என்னும் ஊதா கலந்த பழுப்பும் 82 என்னும் பச்சையும் வந்துவிட்டன. அடிப்புறத்துக்கு 76 என்னும் வெளிர் நீலச் சாம்பல்.

சாம்பலிலிருந்து பச்சைக்கும் பழுப்புக்கும் ஏன் மாறினார்கள்? யோசித்துப் பாருங்க. பச்சையும் பழுப்பும் வானத்தின் நிறமல்ல, காட்டின் நிறம். வான் ஆதிக்கம் நேச நாடுகளிடம் போய்விட்டதால், ஜெர்மன் விமானங்களுக்குத் தரையில் நிற்கும்போதே ஆபத்து. மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படாமல் மரத்தடியில் ஒளிய வேண்டும். ஒரு நாடு வானத்தை இழந்துவிட்டது என்ற செய்தி அந்தச் சாயத்திலேயே இருக்கிறது.

பெரும்பாலான போர்க்காலப் புகைப்படங்கள் கறுப்பு வெள்ளை. அதில் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் உண்மையான விமானங்கள் முக்கியமாகின்றன. கான்பராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் ஒரு மெசர்ஷ்மிட் 262 இருக்கிறது. அதன் மேல் போர்க்காலப் பூச்சு இன்னும் இருக்கிறது. புதிதாகப் பூசிப் பளபளக்க வைத்த விமானத்தை விட, மங்கிப்போன இந்த விமானமே ஆய்வாளருக்குப் பயன்படும்.

5. சாயமே பூசாத விமானம்

மாணவர்களோடு செய்வதற்கு நான் பரிந்துரைப்பது வேறொரு விமானம். அதன் தொழிற்சாலை எண் 111711. 1945 மார்ச் இறுதியில், ஹான்ஸ் ஃபாய் என்ற சோதனை விமானி இதை ஓட்டிச் சென்று, ஃபிராங்க்ஃபர்ட் அருகே அமெரிக்கர்களிடம் ஒப்படைத்தார். சேதமின்றி அமெரிக்கர் கையில் கிடைத்த முதல் மெசர்ஷ்மிட் 262 என்று இதைச் சொல்வார்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். 1946இல் அங்கே ஒரு சோதனையின்போது விழுந்து நொறுங்கியது.

புகைப்படங்களில் இந்த விமானத்துக்குச் சாயமே இல்லை. வெறும் அலுமினியத் தகடு. தகடுகள் சேரும் இடங்களில் மட்டும் பட்டி பூசித் தேய்த்த தடம், வரி வரியாகத் தெரிகிறது. வேகமாகப் பறக்கும் விமானத்தின் உடல் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதற்காக இணைப்புகளைப் பட்டியால் நிரப்புவார்கள். வழக்கமாக அதன்மேல் சாயம் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

செய்முறை எளிது. முதலில் உப்புத்தாளால் ஒட்டு வரிகளை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். வெள்ளி நிறம் சிறு கீறலையும் காட்டிக்கொடுக்கும். பளபளப்பான கறுப்பை அடிப்பூச்சாக அடித்து, காய்ந்த பிறகு மெல்லிய வெள்ளிப் பூச்சு. பிறகு தகடு சேரும் கோட்டுக்கு இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவே உள்ள குறுகிய இடைவெளியில் மினுமினுப்பு இல்லாத சாம்பல் சாயத்தைத் தொட்டுத் தடவுங்கள். டேப்பை உரித்தால் பட்டி வரி தயார். கோடு கொஞ்சம் கோணலாக வந்தாலும் பரவாயில்லை, கையால் பூசியதுதானே. கத்தி வேலைக்கு மட்டும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். சன்னலைத் திறந்து வையுங்கள்.

6. அந்தப் பட்டியைப் பூசியது யார்?

பெட்டி சொல்லாத செய்திக்கு இப்போது வருகிறோம்.

1943 ஆகஸ்டில் ரீகன்ஸ்பர்க், 1944 பிப்ரவரியில் அவுக்ஸ்பர்க் என, மெசர்ஷ்மிட் தொழிற்சாலைகள் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. உற்பத்தியைக் காடுகளுக்குள்ளும் மலைக் குகைகளுக்குள்ளும் பிரித்து மாற்றினார்கள். அங்கே வேலை செய்ய ஆள்? வதைமுகாம்களிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்தார்கள்.

ஆஸ்திரியாவில் சாங்க்ட் கியோர்கன் என்ற ஊரில், ‘பெர்க்கிரிஸ்டால்’ என்ற மறைபெயரில் 1944இல் சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கினார்கள். தோண்டியவர்கள் குசன் முகாமின் கைதிகள்: போலந்துக்காரர்கள், சோவியத் நாட்டவர், இத்தாலியர், ஹங்கேரியிலிருந்தும் போலந்திலிருந்தும் கொண்டுவரப்பட்ட யூதர்கள், இன்னும் பலர். அந்தச் சுரங்கத்துக்குள் இந்த விமானத்தின் உடற்பகுதிகள் உருவாயின. குசன் முகாம்களில் அடைக்கப்பட்ட ஏறத்தாழ 71,000 பேரில் பாதிப்பேர் உயிரோடு திரும்பவில்லை. 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை வந்து சேர்ந்தது. துரிங்கியாவில் காலா என்ற ஊருக்கு அருகே ஒரு மலையைக் குடைந்து இன்னொரு தொழிற்சாலை. அங்கே பல நாடுகளிலிருந்தும் கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். கீழே கட்டிய விமானத்தை மலை உச்சியில் அமைத்த ஓடுபாதைக்கு ஏற்றிப் பறக்கவிட்டார்கள்.

மொத்தம் 1,400க்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டன. எரிபொருளும் பயிற்சி பெற்ற விமானிகளும் இல்லாததால் அவற்றில் பெரும்பாலானவை போருக்கே போகவில்லை. போகாத விமானங்களுக்காகவும் மனிதர்கள் செத்தார்கள்.

அந்தப் போரில்தான் நம் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்களைச் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பற்றி எழுதும்போது பாலத்தின் நீளத்தையும் பாதையின் தூரத்தையும் மட்டும் எழுதி நிறுத்திவிடுவோமா? மாட்டோம். மெசர்ஷ்மிட்டைப் பற்றி எழுதும்போதும் வேகத்தோடு நின்றுவிடக் கூடாது. ‘காலத்தை முந்திய தொழில்நுட்பம்’ என்று ஒரு மாணவர் எழுதினால் அது தவறில்லை, பாதி விடை. யார் கையால், என்ன விலைக்கு என்பது மீதிப் பாதி.

7. வாலில் இருந்த சின்னம்

உண்மையான விமானத்தின் வாலில் நாஜிச் சின்னம் உண்டு. ஜெர்மனியில் அதைப் பொதுவில் காட்டுவதைச் சட்டம் தடுக்கிறது. கல்வி, ஆய்வு போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் பல நிறுவனங்கள் அந்த ஒட்டுப்படத்தைத் தருவதே இல்லை, அல்லது இரண்டு துண்டுகளாகத் தருகின்றன. வகுப்பறை மாதிரியில் அதை ஒட்ட வேண்டாம் என்பது என் கருத்து. அதே நேரம், அது இருந்ததே இல்லை என்பதுபோல் விட்டுவிடவும் வேண்டாம். மாதிரியின் அடியில் ஒரு சிறு அட்டை வையுங்கள். அதில் விமானத்தின் எண், ஆண்டு, எந்த அரசுக்காகப் பறந்தது, வாலில் என்ன இருந்தது, ஏன் ஒட்டவில்லை, இத்தகைய விமானங்களைக் கட்ட யார் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்று ஐந்தாறு வரிகளில் மாணவரே எழுதட்டும். எனக்கு மதிப்பெண் போடும் உரிமை இருந்தால், பாதி மதிப்பெண் அந்த அட்டைக்குத்தான்.

8. சிந்திக்க, எழுத

அ. விமானத்தின் சாய நிறம் மாறியதிலிருந்து போரின் போக்கைப் பற்றி என்ன ஊகிக்கலாம்? இரண்டு கருத்துகள் எழுதுக.

ஆ. மெசர்ஷ்மிட் 262 தாமதமானதற்கு இயந்திரம், ஹிட்லரின் முடிவு ஆகிய இரண்டில் எது முதன்மைக் காரணம்? காரணம் காட்டி விளக்குக.

இ. ‘ஒரு கண்டுபிடிப்பைப் பாராட்டும்போது, அதைச் செய்தவர்களின் நிலையையும் பேச வேண்டும்.’ இக்கூற்றை 120 சொற்களில் ஆராய்க.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: மாதிரி வாங்க வசதியில்லாத பள்ளிகளில், அட்டையை 1:72 அளவில் வெட்டி, வெள்ளித்தாள் ஒட்டி, பட்டி வரிகளைப் பென்சிலால் வரைந்தாலே போதும். ஈயக்குண்டும் தேவைப்படாது. ஆனால் அடியில் வைக்கும் அட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.