கொடி நாளில் ஒரு வரலாற்றுப் பாடம்



இன்று டிசம்பர் 7, கொடி நாள். முன்னாள் படைவீரர்களின் நலனுக்காக 1949 முதல் நம் நாட்டில் இந்நாளில் நிதி திரட்டுகிறார்கள். வகுப்பில் சின்னக் கொடியைக் கொடுத்து உங்களிடம் காசு வாங்கியது நினைவிருக்கும். அப்போது பாடப்புத்தகத்தில் இல்லாததால் சொல்லாமல் விட்ட ஒரு வரலாற்றை இப்போது சொல்கிறேன். அமெரிக்காவில் நடந்தது.

முதல் உலகப்போரில் பணியாற்றிய வீரர்களுக்கு, அந்தக் காலத்தில் அவர்கள் இழந்த வருமானத்துக்கு ஈடாக ஒரு தொகை தர 1924இல் சட்டம் வந்தது. உள்நாட்டில் பணியாற்றிய நாளுக்கு 1 டாலர். கடல் கடந்து பணியாற்றிய நாளுக்கு 1.25 டாலர். ஆனால் பெரும்பாலோர் கைக்கு வந்தது பணமல்ல, ஒரு பத்திரம். அது முதிர்வது 1945இல்!

1929இல் பொருளாதாரம் சரிந்தது. வேலை போயிற்று, வீடு போயிற்று. இன்று அடுப்பெரியாதவனுக்கு 1945இல் வரும் பணம் எதற்கு? 1932 கோடையில் சரக்கு ரயில்களில் தொற்றிக்கொண்டு சுமார் 20,000 வீரர்கள் தலைநகர் வாஷிங்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். சிலர் மனைவி மக்களையும் அழைத்து வந்தார்கள். அனகோஸ்டியா ஆற்றங்கரையில் தகரமும் அட்டையும் வைத்துக் குடிசை போட்டார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே முகாமில் இருந்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் அது அபூர்வம்.

பணத்தை உடனே தரும் மசோதாவை ஜூன் 17 அன்று செனட் தோற்கடித்தது. பலர் ஊர் திரும்பினார்கள், பலர் போக இடமில்லாமல் தங்கிவிட்டார்கள். ஜூலை 28 அன்று அவர்களை வெளியேற்ற முயன்றபோது போலீஸ் சுட்டதில் 2 வீரர்கள் உயிரிழந்தார்கள். அன்று மாலை தளபதி டக்ளஸ் மக்ஆர்தர் தலைமையில் ராணுவமே இறங்கியது. குதிரைப்படை, டாங்கிகள், கண்ணீர்ப்புகை. குடிசைகள் எரிந்தன. ஒரு நாடு தன் பழைய சிப்பாய்கள் மேல் தன் புதிய சிப்பாய்களை ஏவியது.

அந்த வடு ஆறவில்லை. 1936இல் பணத்தைக் கொடுத்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடியும் முன்பே, 1944 ஜூன் 22 அன்று, திரும்பி வரப்போகும் வீரர்களுக்காக ஒரு பெரிய சட்டத்தில் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். கல்லூரிக் கட்டணம், படிக்கும் காலத்துக்கு மாதப்படி, வீட்டுக்கடனுக்கு அரசு உத்தரவாதம், வேலையில்லாதவர்களுக்கு உதவித்தொகை. 1956க்குள் சுமார் 78 லட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். சுரங்கத் தொழிலாளி மகனும் விவசாயி மகனும் பட்டதாரி ஆனார்கள்.

பாடம் இங்கே முடியவில்லை. சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் அதை நடத்தியவர்கள் உள்ளூர் வங்கிக்காரர்களும் அதிகாரிகளும். 1947இல் மிசிசிப்பியில் எடுத்த ஒரு கணக்கில், சட்டத்தின்கீழ் தரப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குப் போனவை 2. வாஷிங்டனில் போட்ட கையெழுத்தை ஊர் வங்கியின் கவுண்டரில் அழித்துவிட்டார்கள்.

போன மாதம் வாழ்நாள் சான்று கொடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர், எண்பது வயதிருக்கும். தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்கவில்லை. "ரேகை விழலை, அப்புறம் வாங்க" என்றார் உள்ளே இருந்தவர். வேறு வழி உண்டா என்று சொல்லவில்லை. பெரியவர் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

உங்களில் பலர் இன்று வங்கியிலும் கருவூலத்திலும் தாலுகா அலுவலகத்திலும் இருக்கிறீர்கள். கொடிக்குக் காசு போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒருவர் உங்கள் முன் வந்து நின்றால் உட்காரச் சொல்லுங்கள். விரல் ரேகை விழாவிட்டால் அடுத்த வழியை நீங்களே தேடிக் கொடுங்கள். அவர் கேட்பது உதவி அல்ல, பாக்கி.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று ஆசிரியர்