மேனியைக் காத்த மளிகைக் கடை

நலங்கு மாவுக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டால் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு கணக்குச் சொல்வார்கள். எந்தக் கணக்கை எடுத்துக்கொண்டாலும் அதில் இரண்டு பிரிவு இருக்கும். பச்சைப்பயறு, கடலைப்பருப்பு, மஞ்சள் போன்றவை சமையலறை டப்பாக்களிலேயே கிடைக்கும். கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர், கார்போக அரிசி இவற்றுக்கு நாட்டு மருந்துக் கடைக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் மொட்டை மாடி வெயிலில் சருகாகக் காயவைத்து, மெஷினில் மிளகாய் அரைத்த சூடு இல்லாத நேரமாகப் பார்த்துக் கொண்டுபோய் அரைத்து, சலித்து, ஈரம் படாமல் எடுத்து வைப்பார்கள். கடல் கடந்து குடியேறிய இந்தியர்களின் வீடுகளில் இந்தப் பட்டியலின் முதல் பாதி தங்கியது. இரண்டாம் பாதி பெரும்பாலும் உதிர்ந்துபோனது. வடக்கத்தியரின் பூச்சுமாவான உப்டனுக்கும் அதே கதைதான். கடலை மாவும் மஞ்சளும் தயிரும் மிஞ்சின, வேர்களும் பூக்களும் விடுபட்டன.

பாரம்பரியத்தின் மேலுள்ள பற்றுதான் இந்த வழக்கங்களைக் காத்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பற்று இருந்தது உண்மை. ஆனால் பற்று மட்டுமே காரணமென்றால் மஞ்சளும் சீயக்காயும் சேர்ந்தே நிலைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சேர்ந்தே மறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. சாப்பிடவும் பயன்பட்ட பொருள் நிலைத்தது. பூசவும் தேய்க்கவும் மட்டுமே பயன்பட்டது தேய்ந்தது. புலம்பெயர்ந்தவர்களின் சருமப் பராமரிப்பைக் காப்பாற்றியது சமையலறை, அந்தச் சமையலறைக்குச் சரக்குக் கொடுத்தது மளிகைக் கடை. அந்தக் கடையை விட்டுவிட்டு இந்த வழக்கத்தின் வரலாற்றை எழுத முடியாது என்பதே என் வாதம்.

ஒப்பந்தக் கூலிகளின் கப்பல்களிலேயே இதற்குச் சான்று தொடங்குகிறது. அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஆள் பிடித்து அனுப்பினார்கள். 1834இல் மொரீஷியஸ், 1845இல் டிரினிடாட், 1860இல் நேட்டால், 1879இல் ஃபிஜி என்று கப்பல்கள் போயின. ஏறியவர்கள் கையில் சொல்லிக்கொள்ளும்படி உடைமை எதுவும் இல்லை. ஆனால் பயண ரேஷனில் அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெயோடு மஞ்சளும் இருந்தது. அதைக் குழம்புக்கென்று சேர்த்தார்களே தவிர, மேனிக்கென்று எந்த அதிகாரியும் சேர்க்கவில்லை. இறங்கிய தீவுகளின் ஈரமும் வெப்பமும் மஞ்சள் கிழங்குக்கு ஒத்துப்போனதால் அது கொல்லைப்புறங்களில் வேர்பிடித்தது. டிரினிடாடில் 1917இல் ஒப்பந்த முறை முடிந்து சில தலைமுறைகளுக்குள் வீட்டுப் பேச்சிலிருந்து போஜ்புரி விலகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் மஞ்சள் பூசும் சடங்கு இன்றும் தொடர்கிறது. மொழியைக் காக்க முடியாத பற்றுக்கு மஞ்சளைக் காக்க முடிந்தது எப்படி? அன்றாடம் குழம்புக்கு மஞ்சள் தேவைப்பட்டது, அதனால் அது வீட்டில் எப்போதும் இருந்தது. சடங்கு நாள் வந்தபோது யாரும் அதைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

மலாயாவும் சிங்கப்பூரும் இதற்கு விலக்கு அல்லவா என்று கேட்கலாம். அங்கே தமிழர்கள் தீபாவளிக்கு நல்லெண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டுக் குளித்தார்கள். சிராங்கூன் சாலைக் கடைகளில் அரப்பும் சாம்பிராணியும் கிடைத்தன. ஆனால் அங்கே சரக்கு வந்த வழியைக் கவனிக்க வேண்டும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு ஆட்களையும் மூட்டைகளையும் சுமந்து கப்பல்கள் முறைவைத்துப் போய்வந்தன. எஸ்.எஸ். ரஜுலா 1926இல் கட்டப்பட்டு 1973 வரை அந்தக் கடற்பாதையில் ஓடியது. ஒரே தெருவில் வாங்குபவர்கள் நிறைய இருந்து, கப்பலும் தவறாமல் வந்தால், தின்னாத சரக்கைக்கூடக் கடைக்காரரால் துணிந்து இறக்க முடியும். லண்டனிலோ சிகாகோவிலோ ஆரம்பக் காலத்தில் அந்த இரண்டும் கிடையாது. ஒரே ஊர்க்காரர்கள் ஒரே பற்றோடு சிங்கப்பூரில் சீயக்காயை வைத்துக்கொண்டு மேற்கே போனபோது விட்டுவிட்டார்கள் என்றால், மாறியது மனம் அல்ல, வரத்துதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எண்ணெய்க் குளியல் எவ்வளவு சிரமம் என்பதை இன்று கற்பனை செய்வதுகூடக் கடினம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டு வீடுகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் குளியல் தொட்டியே இல்லை. ஆலையில் வேலை பார்த்த பஞ்சாபிகளும் குஜராத்திகளும் ஒரே வீட்டில் பலராகத் தங்கி, வாரம் ஒருமுறை பொதுக் குளியலகத்துக்குப் போனார்கள். அங்கே சீயக்காய்ப் பொடியைக் கரைத்து ஊற்ற வழியில்லை. ஆலிவ் எண்ணெய்கூட அக்காலப் பிரிட்டனில் மருந்துக் கடையில் சின்னக் குப்பியில், காதுக்கு விடும் மருந்தாகவே பெரும்பாலும் விற்றது. மெல்ல மெல்ல இந்தியர்களின் கடைகள் வந்தன. 1972இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை வெளியேற்றியபோது ஏறத்தாழ 28,000 பேர் பிரிட்டன் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திப் பழகிய குடும்பங்கள் நிறைய. அமெரிக்காவில் 1965 குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு டாக்டர்களும் பொறியாளர்களும் போனார்கள். 1974இல் சிகாகோவின் டெவான் அவென்யூவில் பட்டேல் பிரதர்ஸ் தங்கள் முதல் கடையைத் திறந்தார்கள். இந்தக் கடைகள் வைத்திருந்த முதல் சரக்கு பருப்பு, மாவு, மசாலா, எண்ணெய். பஜ்ஜிக்கு வாங்கிய கடலை மாவில் ஒரு பிடி முகத்துக்குப் போனது, சமையலுக்கு வாங்கிய தேங்காய் எண்ணெய் தலைக்குப் போனது. தோலுக்கென்று தனிச் செலவு செய்யவோ தனி இடம் தேடவோ வேண்டியிருக்கவில்லை என்பதால்தான், கையில் காசு குறைவாக இருந்த வருடங்களையும் அந்த வழக்கம் தாண்டியது.

இதற்கு எதிராக வைக்கக்கூடிய வலுவான உதாரணம் ஷேக் தீன் முகமது. 1759இல் பாட்னாவில் பிறந்து, கம்பெனிப் படையில் வேலை பார்த்து, 1784இல் அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போனவர். 1810இல் லண்டன் ஜார்ஜ் தெருவில் இந்திய உணவு விடுதி ஒன்றைத் திறந்தார். இரண்டே வருடத்தில் திவாலானார். பிறகு பிரைட்டன் கடற்கரை ஊரில் மூலிகை ஆவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதும் தொழிலாக எடுத்தபோது கொடிகட்டிப் பறந்தார். மூலிகை போட்ட ஆவியில் நோயாளியை வியர்க்க வைத்து, கம்பளித் துணியால் கட்டிய கூடாரத்துக்குள் உட்கார வைப்பார்கள். துணியில் விட்ட திறப்புகள் வழியே வெளியிலிருந்து கையை நுழைத்துப் பிடித்துவிடுவார்கள். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்று இரண்டு மன்னர்களுக்கு அவர் இந்தச் சேவை செய்தார். சாப்பாடு தோற்று மேனிப் பராமரிப்பு ஜெயித்திருக்கிறதே, சமையலறைதான் காத்தது என்பது எப்படிப் பொருந்தும்? அவருடைய வாடிக்கையாளர்கள் யார் என்று பார்த்தால் விடை கிடைக்கும். வாதநோய்க்கு மருந்து தேடிய ஆங்கிலேயச் சீமான்களும் சீமாட்டிகளும்தான் அங்கே வந்தார்கள். அதே காலத்தில் லண்டன் துறைமுகத்தில் குளிரில் வாடிய இந்திய மாலுமிகளுக்கு அந்தக் குளியலறைக் கதவு திறக்கவில்லை. அவர் நடத்தியது உள்ளூர்ப் பணக்காரர்களுக்கான வைத்தியம். அந்த மோகம் தணிந்ததும் தொழில் தேய்ந்தது, 1851இல் அவர் இறந்தபோது ஊரே ஏறக்குறைய அவரை மறந்திருந்தது. குடியேறிய மக்களின் அன்றாட வழக்கமாக அது ஒருபோதும் இருந்ததில்லை. தீன் முகமது மேல் எனக்குப் பெருமதிப்பு உண்டு; முன்பின் அறியாத நாட்டில் தனியாளாக அவர் செய்து காட்டியது சாமானியமல்ல. ஆனால் அவர் கதையையும் சமையலறையின் கதையையும் ஒன்றாகக் கட்ட முடியாது.

இன்னொரு மறுப்பும் உண்டு. மைசூர் சாண்டல், சந்திரிகா, மெடிமிக்ஸ் போன்ற சோப்புகள் உணவுப் பொருளா என்ன, அவையும் வெளிநாடு போகவில்லையா? போயின. மைசூர் சமஸ்தானம் 1916இல், முதல் உலகப் போரால் சந்தனக் கட்டை ஏற்றுமதி முடங்கிக் கிடந்த காலத்தில், சோப்பு ஆலை தொடங்கியது. சந்திரிகா 1940இல் கேரளத்திலிருந்தும் மெடிமிக்ஸ் 1969இல் சென்னையிலிருந்தும் வந்தன. வெளிநாட்டு அழகுசாதனக் கடைகள் இவற்றை ஏறெடுத்துப் பார்ப்பதற்கு வெகு காலம் முன்பே துவரம்பருப்பு மூட்டைக்குப் பக்கத்து அலமாரியில் இவை அடுக்கப்பட்டிருந்தன. பருப்பு கடையை நடத்திக்கொடுத்தது, சோப்பு அதன் நிழலில் ஒண்டியது. அதோடு, குடியேறியவர்கள் எல்லோரும் இயற்கைப் பொருளையே நாடினார்கள் என்பதும் சரியல்ல. அவர்கள் வெளிநாட்டு கிரீமையும் பவுடரையும் ஆசையாக வாங்கினார்கள், ஊருக்கு வரும்போது பெட்டி நிறையக் கொண்டுவந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்தவர் என்றால் 1928இல் அங்கே பிறந்த கோடாலித் தைலமும், வளைகுடாவிலிருந்து வந்தவர் என்றால் யார்ட்லி பவுடரும் நிவியாவும் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் பங்குபோகும். ரசனை இரண்டு பக்கமும் ஓடியது. சமையலறை மஞ்சள் அந்த ஓட்டத்தையும் தாங்கி நின்றது என்பதே கவனிக்க வேண்டியது.

சமையலறைப் பொருளை அளவுக்கு மீறிப் புகழவும் நான் தயாரில்லை. மாவு பூசியதற்குப் பின்னால் நிறம் வெளுக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி அந்தப் பழைய ஆசையைத்தான் டியூபில் அடைத்து விற்றது. கண்டனங்களுக்குப் பிறகு 2020இல்தான் பெயரை மாற்றியது. நாட்டுப் பொருள் என்றாலே தீங்கில்லாதது என்பதும் தவறு. பிரிட்டனில் குழந்தைகளின் கண்ணுக்கு இட்ட சுர்மாவில் ஈயம் இருந்ததை 1960களின் இறுதியிலேயே மருத்துவர்கள் எழுதினார்கள். அமெரிக்காவில் அத்தகைய கண்மைகளுக்கு இன்றும் அனுமதியில்லை. மஞ்சள் தூளிலும் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்தது தெற்காசியாவில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. தின்கிற பொருள் என்பது ஓரளவு பாதுகாப்பு, முழுப் பாதுகாப்பு அல்ல.

சமையலறையில் இருப்பதன் பெரிய குறை வேறொன்று: அங்கே நடப்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. 1995 மார்ச்சில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தின் பெயரில் காப்புரிமை கொடுத்தது. கண்டுபிடித்தவர்களாகப் பதிவானவர்கள் இந்திய வம்சாவளியினர் இருவர். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அந்நாட்டுக்குள் ஏற்கெனவே அறியப்பட்ட, புழங்கிய முறைக்குக் காப்புரிமை கிடையாது. வெளிநாட்டுப் புழக்கம் என்றால் அது அச்சில் வந்திருக்க வேண்டும், அல்லது காப்புரிமை பெற்றிருக்க வேண்டும். 1990 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் எட்டு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் இருந்தார்கள். அவர்கள் வீடுகளில் விரல் வெட்டுப்பட்டால் மஞ்சளை அப்புவது அதிசயமா? ஆனாலும் காப்புரிமையை எதிர்த்த வழக்கு அந்த வீடுகளை வைத்து நடக்கவில்லை. மஷேல்கர் தலைமையில் இருந்த இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம், சமஸ்கிருத நூல்களையும் 1953இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் உள்ளடக்கி 32 சான்றுகளை அடுக்கியது. 1997இல் காப்புரிமை ரத்தானது. அதன் தொடர்ச்சியாக 2001இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்னூலகத்தில் தமிழ்ச் சித்த நூல்களும் ஏறின. வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் வழக்கத்தை உயிரோடு வைத்திருந்த பெண்களின் சாட்சியம் எந்த இடத்திலும் தேவைப்படவில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

உணவாகவும் பூச்சாகவும் இருக்கும் பொருளின் இரட்டைப் பிறவியோடு சட்டம் இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. சின்னப் பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் உணவா, தலைக்குத் தேய்ப்பதா என்ற வரி வழக்கில் 2018இல் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவர் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். 2024 டிசம்பரில்தான் மூவர் அமர்வு, கூந்தல் எண்ணெய் என்று குறிப்பிட்டு விற்காதவரை அது உணவு எண்ணெயே என்று முடித்துவைத்தது. ஐரோப்பாவில் முகப்பூச்சு என்று பெயரிட்டால் தகுதிபெற்ற நிபுணரின் பாதுகாப்பு அறிக்கை இல்லாமல் விற்க முடியாது; அதே கடலை மாவை உணவாக விற்றால் அந்த அறிக்கை வேண்டாம். மளிகைக் கடைக்காரர் எந்த அலமாரியில் அதை அடுக்குவார் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது நாட்டு மருந்துப் பொடிகள் இணையத்தில் விற்கின்றன, கூரியரில் நியூஜெர்சிக்கும் டொராண்டோவுக்கும் போகின்றன. பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் மறுபடி நலங்கு மாவில் சேரத் தொடங்கியிருக்கின்றன. அவற்றின் குணம் நேற்றுவரை மறந்துபோய் இன்று திடீரென்று நினைவுக்கு வந்துவிடவில்லை. நேற்றுவரை அவை வந்து சேர வழி இல்லாமல் இருந்தது.