கால் கழற்றிய மேசையும் ஊர் சுற்றிய அலமாரியும்

‘பில்லி’ புத்தக அலமாரியின் கதை, அது பிறப்பதற்கு 23 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்குகிறது. இங்வார் காம்ப்ராட் தன் 17ஆம் வயதில், 1943இல், ஸ்வீடனின் ஸ்மோலாண்ட் பகுதியில் தொடங்கிய ஐகியா, 1956இல் மரச்சாமான்களை விற்கும் தபால்வழி வியாபாரமாக வளர்ந்துகொண்டிருந்தது. இலை வடிவ மேசையொன்று காருக்குள் நுழைய மறுத்தது. ஊழியர் கில்லிஸ் லுண்ட்கிரென் அதன் கால்களைக் கழற்றினார். மேசை உள்ளே போனது. மரச்சாமானோடு வெற்றிடத்துக்கும் சேர்த்து வண்டிக்கூலி கொடுக்கிறோம் என்பது நிறுவனத்துக்குப் புரிந்தது.

அதே லுண்ட்கிரென்தான் பில்லியையும் வடிவமைத்தார். புத்தகங்களுக்கென்றே ஓர் அலமாரி வேண்டும் என்று கேட்ட சக ஊழியரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1979இல் விற்பனைக்கு வந்தது. அலங்காரம் எதுவுமில்லை: இரண்டு பக்கப் பலகைகள், சில தட்டுகள், மெல்லிய பின்பலகை.

பிறந்த இடம் ஷெட்டில்ஸ்டோர்ப் என்ற சிற்றூர்த் தொழிற்சாலை. மரத்துகளைப் பசையோடு சேர்த்து, சூட்டில் அழுத்திச் செய்த பலகைகள் அங்கே அறுபட்டு, துளையிடப்பட்டு, தட்டையான அட்டைப்பெட்டிக்குள் அடுக்கப்படுகின்றன. 1980களைவிட 37 மடங்கு அலமாரிகள் அங்கே தயாராவதாகவும், தொழிலாளர் எண்ணிக்கை இரண்டு மடங்குதான் ஆனதாகவும் பொருளியல் எழுத்தாளர் டிம் ஹார்ஃபோர்ட் சொல்கிறார். இயந்திரங்கள் மாறின, அலமாரியின் உருவம் பெரிதாக மாறவில்லை. விலை குறைந்ததன் ரகசியம் இதுதான்.

பெட்டி லாரியிலும் கப்பலிலும் ஏறி, நாடு நாடாகப் போகிறது. 2018இல் ஐகியாவின் முதல் இந்தியக் கடை ஹைதராபாத்தில் திறந்தது. பல நாடுகளில் ஒரே பொருள் கிடைப்பதால், நாட்டுக்கு நாடு விலைவாசியை ஒப்பிட ப்ளூம்பெர்க் நிறுவனம் பில்லியையே அளவுகோலாக எடுத்துக்கொண்டது.

கடைசி வேலை வாங்குபவருடையது. தரையில் பலகைகளைப் பரப்பி, திருகுகளை முடுக்கி, பின்பலகையைப் பொருத்தி, சுவரோடு பிணைத்து நிறுத்த வேண்டும். குறையும் உண்டு. தண்ணீர் பட்டால் துகள் பலகை உப்பிவிடும். கனம் கூடினால் தட்டு வளையும். தேக்கு அலமாரி போலத் தலைமுறை தாண்டி நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

ஆனாலும் அதை நான் மதிக்கிறேன். புத்தகம் வாங்கவே காசு எண்ணும் மாணவருக்கும், அதை வைக்க ஓர் இடம் கிடைக்க வேண்டும். தச்சருக்குக் கூலி கொடுத்து அலமாரி செய்ய வசதியில்லாத வீடுகளுக்கு அந்த இடத்தைக் கொடுத்தது, பகட்டில்லாத இந்த வடிவமைப்புதான்.