திறக்கச் சொன்னதும் மூடச் சொன்னதும்

வடசென்னை என்றதும் கஞ்சாவும் கத்தியும்தான் சினிமாக்காரனுக்கும் போலீசுக்கும் கண்ணில் படுகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று முகவரி சொன்னாலே 'அந்த ஏரியாவா?' என்று ஒரு இழுப்பு. போதையை எங்கள் சனத்தின் பிறவிக் குணமாகப் பேசுகிறவர்கள் ஒரு வரலாற்றை மட்டும் பேசுவதில்லை. இந்த மண்ணில் போதைக்கு எதிராக முன்கூட்டியே குரல் கொடுத்தவர்கள் யார் என்பதுதான் அந்த வரலாறு.

1907இல் 'தமிழன்' இதழைத் தொடங்கிய அயோத்திதாச பண்டிதர் கண்ட பௌத்தத்தில் பஞ்சசீலம் மையமானது. அதன் ஐந்தாவது சீலம் மயக்கம் தரும் எதையும் தொடாதே என்பது. அவருக்குப் பின் 1923இல் மாகாண சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரான இரட்டைமலை சீனிவாசன் அங்கே இரண்டு காரியங்களைக் கேட்டார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது இடம் எல்லாவற்றையும் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் திறந்துவிடு என்பது ஒன்று. அந்தத் தீர்மானம் 1924இல் நிறைவேறியது. விடுமுறை நாட்களில் சாராயக் கடையை மூடு என்பது மற்றொன்று.

ஒன்றைத் திறக்கச் சொன்னார், ஒன்றை மூடச் சொன்னார். இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பது தவறு. பொது இடத்தில் கால் வைக்கக்கூடாது என்று விரட்டப்பட்டவன் கூலி வாங்கிய நாளில் எங்கே போவான்? சாதி கேட்காமல் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட கடைதானே அவனுக்கு மிச்சம்? நல்ல இடத்தைத் திறக்காமல் கெட்ட இடத்தை மூட முடியாது. அந்த மூத்த தலைவரின் இரண்டு கோரிக்கைகளையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் பாடம் இதுதான்.

அரசு என்ன செய்தது? வெள்ளைக்காரனுக்கு ஆப்காரி வருமானம் நிலவரியோடு போட்டி போடும் பெரிய வரவு. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுக்க வந்தது. மூடியவர்கள் அதற்கு ஈடாகச் சேரியில் எதையும் திறக்கவில்லை. கள்ளச்சாராயம் வந்தது, பின்னாலேயே போலீஸ் வந்தது. 1971இல் மதுவிலக்கைத் தள்ளிவைத்தார்கள், பிறகு கொண்டுவந்தார்கள், 1981இல் மறுபடி எடுத்தார்கள். 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003இல் சில்லறைக் கடையும் அரசுக்கே சொந்தமானது. 2023-24இல் டாஸ்மாக் ஈட்டித் தந்த வரி வருமானம் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அடுத்த நிதியாண்டு முடிவதற்குள், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு 65 பேருக்கு மேல் பலியானார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் நம்ம சனம்.

கடை வைக்க ஒரு தூரக் கணக்கு உண்டு. 2003ஆம் ஆண்டு விதிகளின்படி பள்ளிக்கூடம், கோயில் போன்ற வழிபாட்டு இடங்களிலிருந்து கிராமப்புறத்தில் 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் 50 மீட்டர் போதும். பட்டணத்துப் பிள்ளைக்குப் பாதிப் பாதுகாப்பு! அதிலும் பிள்ளைகள் விளையாடும் திடல் கணக்கில் இல்லை. வாடகை அறையில் நடக்கும் அம்பேத்கர் இரவுப் பாடசாலைக்கும் தெருமுனைப் படிப்பகத்துக்கும் யார் டேப் பிடித்து அளக்கப் போகிறார்கள்?

அரசு திறக்காததை எங்கள் சனமே திறந்துகொண்டது. மன்றம், படிப்பகம், கேரம் கிளப், குத்துச்சண்டைப் பயிற்சி, கால்பந்து என்று வடசென்னை முழுக்க இருப்பவை வெறும் பொழுதுபோக்கு இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் பையன் எங்கே போகிறான் என்ற கேள்விக்குச் சேரி கண்டுபிடித்த பதில் அவை. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா தெருவோரக் கேரம் பயிற்சியிலிருந்து கிளம்பி 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பையன்கள் இருக்கிற இதே வடசென்னையில்தான் அந்தப் பலகையும் இருந்தது.

அதே 2024இல், அக்டோபர் மாதம், மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் வந்தது. மாநகராட்சியின் ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விடுவது, ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிப்பது. வடசென்னைத் திடல்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. இரண்டு அணி, 22 பேர், இரண்டு மணி நேரம் ஆடினால் 5,280 ரூபாய். மூட்டை தூக்குகிறவர் வீட்டுப் பிள்ளை எங்கே போவான்? எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டொரு நாளில் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. 1945இல் என்.சிவராஜ் அமர்ந்த மேயர் நாற்காலியில் அப்போது இருந்தவர் ஆர்.பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயர், வடசென்னைக்காரர். திரும்பப் பெற்றது நல்லது. ஆனால் நம்மவர் நாற்காலியில் இருக்கும்போதே அப்படி ஒரு கோப்பு மன்றம் வரை வந்து சேர்ந்ததே, அதை யோசிக்க வேண்டும்.

போதையில்லாத் தமிழ்நாடு என்று 2022இல் பள்ளிக்கூடம்தோறும் உறுதிமொழி எடுக்கவைத்தார்கள். பிள்ளைகள் கை நீட்டிச் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பர் 1 அன்று நகரங்களில் முதன்முறையாகப் பகுதிசபைக் கூட்டங்கள் நடந்தன. 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாமல் கிடந்த சென்னைக்கு இது ஒரு வாசல். குழாய், குப்பை, தெருவிளக்கு பற்றி அங்கே பேசலாம். கடை எங்கே வைப்பது என்பதைக் கோட்டையும் ஆட்சியர் அலுவலகமும் முடிவு செய்கின்றன. திடலை என்ன செய்வது என்பதை ரிப்பன் மாளிகை முடிவு செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் குடியிருக்கிற சனத்துக்கு எதிலும் ஓட்டு இல்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. விளையாட்டுத் திடலையும் படிப்பகத்தையும் இரவுப் பாடசாலையையும் தூர விதியில் சேர். 50 மீட்டரை 100 ஆக்கு. கடை வேண்டாம் என்று பகுதிசபை முடிவெடுத்தால் அது அரசைக் கட்டுப்படுத்த வேண்டும். மாநகராட்சித் திடல்கள் என்றைக்கும் இலவசம் என்று மன்றமே தீர்மானம் போடட்டும். திறப்பதையும் மூடுவதையும் சேர்த்தே கேட்போம். நூறு வருசத்துக்கு முன்னால் சீனிவாசன் அப்படித்தான் கேட்டார்.